எல்லோரும் பார்க்கிற நிரலில் விஷம் எப்படி நுழைகிறது?

கேள்வி (ஒரு வாசகர், 9 செப்டம்பர் 2025)

ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரல் எல்லோர் கண் முன்னாலும்தான் கிடக்கிறது. ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அப்புறம் எப்படி நேற்று என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதி வைத்த தயார் நிரல்கள், கிடைக்கும் பொதுக் கடை) அத்தனை பேக்கேஜ்களில் திருட்டு நிரல் ஏறியது? இதற்குக் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளே தேவலை போலிருக்கிறதே?

10 செப்டம்பர், இரவு 11.20

ஆயிரம் பேர் பார்க்கலாம். பார்ப்பதில்லை.

நானும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு புது புராஜெக்டுக்கு இன்ஸ்டால் போட்டேன். நான் பெயர் சொல்லிக் கேட்டது 9 பேக்கேஜ். இறங்கியது 611. அவற்றில் ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? டீ குடிக்கப் போனேன்.

நடந்தது இதுதான். பிரபலமான பல பேக்கேஜ்களைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு, என்பிஎம்மே அனுப்பியது போல ஒரு மின்னஞ்சல். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் புதுப்பிக்காவிட்டால் 10-ஆம் தேதியிலிருந்து கணக்கைப் பூட்டிவிடுவோம் என்று மிரட்டல். முகவரியில் டாட் காம் இருக்க வேண்டிய இடத்தில் டாட் ஹெல்ப். அவர் அவசரத்தில் கிளிக் செய்து, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் ஒருமுறை எண்ணையும் தானே கொடுத்துவிட்டார். அடுத்து அவர் பெயரிலேயே 18 பேக்கேஜ்களுக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது. சாக், டீபக் எல்லாம் அதில் உண்டு. (டீபக் என்று தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுப் பையன் பெயர் மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லை.) அந்தப் பதினெட்டும் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படுகிறவை.

ஏறியது நம் நேரத்துக்கு மாலை ஆறே முக்கால் வாக்கில். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. லாக் ஃபைல் (எந்த பேக்கேஜில் எந்த வெர்ஷன் என்று குறித்துப் பூட்டி வைக்கும் பட்டியல்) வைத்திருந்தால் போதும்.

காசு கொடுத்து வாங்குவது பற்றி: 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்கிற மென்பொருள் கம்பெனிக்கு என்ன ஆயிற்று? கம்பெனியே கையெழுத்துப் போட்டு அனுப்பிய அப்டேட்டுக்குள் விஷம். ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போனது. அங்கே எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

11 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, சரி, என் லாக் ஃபைலையும் ஒரு தடவை பார்ப்போம் என்று திறந்தேன்.

டீபக் 4.4.2.

அதுதான் விஷ வெர்ஷன். நான் இன்ஸ்டால் போட்டது ஏழேகாலுக்கு. "லாக் ஃபைல் வைத்திருந்தால் போதும்" என்று எழுதிய ஆளின் லாக் ஃபைல் இது. புது புராஜெக்டில் லாக் ஃபைலே அந்த நிமிஷத்தில்தான் உருவாகிறது; அந்த நிமிஷத்தில் கடையில் இருப்பதைத்தான் அது பூட்டி வைக்கும். விஷத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

சேதம் இல்லை. அது பிரவுசருக்குள் ஓடினால்தான் வேலையைக் காட்டும்: கிரிப்டோ பணம் அனுப்பும்போது பெறுபவர் முகவரியை, பார்க்க அதே மாதிரி இருக்கிற திருடன் முகவரியாக மாற்றிவிடும். என்னுடையது சர்வர் வேலை. ஆனாலும் இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்து, கேஷைத் துடைத்து, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி முடிக்க ராத்திரி ஒன்றரை ஆயிற்று. இத்தனை கோடி இறக்கத்துக்கு அந்தத் திருடனுக்குக் கிடைத்ததும் சொற்பம்தான். எனக்கு ஒரு தூக்கம் போயிற்று.

12 செப்டம்பர்

"ஆயிரம் பேர் பார்க்காவிட்டால் பிறகு யார்தான் பிடித்தது?" என்று அதே வாசகர் கேட்கிறார். நல்ல கேள்வி. இதுவரை பெரிதாகப் பிடிபட்டவற்றை வரிசையாக யோசித்துப் பாருங்கள். யாரும் நிரலைப் படித்துப் பிடிக்கவில்லை. ஏதோ ஒன்று காலில் தட்டி, குனிந்து பார்த்தபோதுதான் சிக்கியது.

திங்கட்கிழமை நடந்தது: ஒருவருடைய பில்ட் (நிரலைக் கட்டி ஓடத் தயாராக்கும் வேலை) உடைந்து நின்றது. "ஃபெட்ச் என்று ஒன்று இல்லையே" என்று பிழைச் செய்தி. ஃபெட்ச் என்பது இணையத்தைத் தொடர்புகொள்ளும் ஃபங்ஷன். அது இல்லாத பழைய நோடு (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) வெர்ஷனில் திருடனின் நிரல் அதைக் கூப்பிட்டிருக்கிறது. பிழைச் செய்திகளைக் கையாளும் ஒரு குட்டி பேக்கேஜுக்கு இணையத்தில் என்ன வேலை என்று அவர் உள்ளே போய்ப் பார்த்தார்.

2018, ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ்: "இந்த ஃபங்ஷன் பழசாகிவிட்டது, இனி பயன்படுத்தாதீர்கள்" என்ற எச்சரிக்கை திரையில் வந்துகொண்டே இருந்தது. மறையாக்கத்தைப் பிரிக்கிற ஃபங்ஷன் அது. அதைக் கூப்பிடுவது யார் என்று தேடிப் போனார்கள். ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. கோப்பே என்கிற பிட்காயின் வாலட்டின் பில்டுக்குள் போனால் மட்டும் பூட்டைத் திறந்துகொள்ளும். வேறு எங்கேயும் சாது. செப்டம்பரில் நுழைந்தது நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. வாரத்துக்கு 20 லட்சம் இறக்கம், இரண்டரை மாதம்.

2024, எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்): அரை விநாடி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்கிறவர், மைக்ரோசாஃப்டில் இருப்பவர். டெபியன் என்கிற லினக்ஸின் இன்னும் நிலைப்படாத (அன்ஸ்டேபிள்) பதிப்பில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். நுணுக்கமான அளவு என்பதால் மெஷினில் வேறு சத்தமே இருக்கக் கூடாது. பார்த்தால் எஸ்எஸ்ஹெச் சர்வர் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய விடுகிற வாசல்) சிபியுவைத் தின்கிறது. வெளியிலிருந்து போட்கள் தவறான பெயர்களில் உள்ளே வர முயன்று தோற்றுக்கொண்டிருக்கின்றன. அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் தோற்பதற்கே ஏன் இவ்வளவு நேரம்? முன்பு 0.3 விநாடியில் முடிந்த லாகின் இப்போது 0.8 ஆகிறது. சில வாரம் முன்பு வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி ஏதோ முணுமுணுத்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் எக்ஸ்இசட்டின் லிப்எல்இசட்எம்ஏ நூலகத்தில் வந்து நின்றது. மார்ச் 29, புனித வெள்ளி அன்று பொதுவில் அறிவித்தார். தீவிரம் பத்துக்குப் பத்து என்று போட்டார்கள்.

ஃபைல்களைச் சுருக்குகிற நூலகத்துக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக இல்லை. சில லினக்ஸ் பதிப்புகள் தங்கள் வசதிக்கு எஸ்எஸ்ஹெச்சை, மெஷினில் சேவைகளைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டியோடு பேச வைத்தார்கள். சிஸ்டம்டிக்கு லிப்எல்இசட்எம்ஏ வேண்டும். மாமனாருக்கு அழைப்பு, கூடவே யாரோ ஒன்றுவிட்ட பங்காளியும் பந்தியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு விநோதம்: எக்ஸ்இசட்டின் விஷ வெர்ஷன்களில் ஒன்று 5.6.1. திங்கட்கிழமை சாக்கில் ஏறிய விஷ வெர்ஷனும் 5.6.1. ஜோசியம் பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

12 செப்டம்பர், பின்னிரவு

விட்டுவிட்டேன். எக்ஸ்இசட்டை எவ்வளவு பேர் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. ஏனென்றால் எல்லோரும் நிரலைப் பார்க்கிற கிட் களஞ்சியத்தில் விஷமே இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தருகிற டார் பார்சலில்தான் இருந்தது. சமையல் குறிப்பைச் சுவரில் சுத்தமாக எழுதி ஒட்டிவிட்டு, பார்சலில் மட்டும் வேறு ஒன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது மாதிரி.

13 செப்டம்பர்

மேலே எழுதியது பாதிதான் சரி. ஒரு வாசகர் திருத்தினார், அவர் சொல்வதே சரி. விஷம் கிட்டிலும் இருந்தது. சோதனைக்கான இரண்டு சுருக்கிய ஃபைல்களுக்குள் ஒளிந்திருந்தது. அதில் ஒன்றின் பெயரிலேயே "கெட்டுப்போனது" என்று வரும். சுருக்கும் மென்பொருளைச் சோதிக்கக் கெட்டுப்போன ஃபைல் வேண்டும்தானே? யாருக்குச் சந்தேகம் வரும்? அதை எடுத்து, பிரித்து, நூலகத்தோடு ஒட்ட வைக்கிற எம்4 ஃபைல்தான் பார்சலில் மட்டும் இருந்தது. அதாவது விஷம் எல்லோர் முன்னாலும் அலமாரியில். சாவி மட்டும் பார்சலில்.

இன்னொன்றும் அவர் நினைவுபடுத்தினார். லேண்ட்லாக் என்கிற பாதுகாப்பு மெஷினில் இருக்கிறதா என்று பார்க்கிற சின்னச் சோதனை நிரல் ஒன்று எக்ஸ்இசட்டில் உண்டு. அதில் ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்தார்கள். புள்ளியால் அந்த நிரல் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகாவிட்டால் "இங்கே லேண்ட்லாக் இல்லை" என்று முடிவு கட்டி, அந்த வழியில் பில்ட் செய்தால் பாதுகாப்பு தானாக விலகிவிடும். ஒரு புள்ளி. திரையில் தூசி என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான்.

14 செப்டம்பர், ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

நானும் ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறேன். எண்ணைத் தமிழ் எழுத்தில் மாற்றித் தருவது. 1,900 என்று கொடுத்தால் "ஆயிரத்துத் தொள்ளாயிரம்" என்று வர வேண்டும். ரசீதில் "ரூபாய் எழுத்தில்" அச்சடிப்பதற்காக ஆறு வருஷம் முன்பு எழுதியது. வாரத்துக்கு 300 பேர் இறக்குகிறார்கள். அதில் பாதி போட் என்றே நினைக்கிறேன். கடைசியாகத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இஷ்யூக்கள் (பயன்படுத்துகிறவர்கள் எழுதிய புகார்கள்) 14 திறந்தபடி கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் கடன்காரனைக் கண்ட மாதிரி மூடிவிடுவேன்.

போன மாதம் ஒருவர் எழுதினார். "சார், உங்கள் நூலகத்தை எங்கள் பில்லிங் வேலைக்குப் பயன்படுத்துகிறோம். நீங்கள் பிஸி என்று தெரிகிறது. நான் வேண்டுமானால் பராமரிக்கிறேன், வெளியிடும் உரிமை கொடுத்தால் உங்களுக்குச் சிரமம் இருக்காது." அவருடைய கிட்ஹப் (நிரல்களைப் போட்டு வைக்கும் தளம்) கணக்குக்கு இரண்டு மாத வயது. படம் இல்லை.

படித்ததும் எனக்கு வந்தது சந்தேகம் இல்லை, நிம்மதி. அப்பாடா, ஒருத்தன் வந்தான். உடனே உரிமையைக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஃபோன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. அதனால் கொடுக்கவில்லை. என் பாதுகாப்பு உணர்வின் லட்சணம் அவ்வளவுதான்.

ஈவென்ட்-ஸ்ட்ரீம் கைமாறியதும் இப்படித்தான். எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. ஒருவர் மின்னஞ்சல் போட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டார். எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும் அன்றைக்குத் திட்டினேன் என்றே நினைக்கிறேன்.

எக்ஸ்இசட்டில் இன்னும் கொடுமை. லாஸ்ஸே காலின் என்பவர் தனியாளாக அதை வைத்திருந்தார். இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவரே மின்னஞ்சல் பட்டியலில் எழுதியிருக்கிறார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021-இலிருந்து ஒழுங்காகப் பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) அனுப்புகிறார். 2022-இல் வேறு சில பெயர்கள் வந்து, "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளை நியமியுங்கள்" என்று நச்சரிக்கின்றன. நச்சரித்தவர்களை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. ஒருவன் தோளில் கை போட, இன்னொருவன் முதுகில் குத்திக்கொண்டே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி கைமாறியது. இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமை. அந்தப் பொறுமையில் பாதி இருந்திருந்தால் என் 14 இஷ்யூவும் முடிந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். "உங்க லைப்ரரிய பிடிச்சு யாருக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்றாள். நியாயம்தான். ஆனால் அது ஓடுவது பில்லிங் சர்வரில். பக்கத்திலேயே டேட்டாபேஸ் கடவுச்சொல்.

17 செப்டம்பர்

முதல் குறிப்பில் "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியவன் நான்தான். வாபஸ்.

இந்தத் திங்கட்கிழமை, 15-ஆம் தேதி, வந்தது புழு. ஷாய்-ஹுலூத் என்று பெயர். ஒரு விஞ்ஞானப் புனைவில் வரும் மணற்புழு. பேக்கேஜை இன்ஸ்டால் செய்து முடித்ததும் தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட் ஒன்று உண்டே, அதில் உட்கார்ந்திருக்கிறது. ஓடியதும் டெவலப்பரின் மெஷினில் இருக்கிற கிட்ஹப் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்ளே விடுகிற ரகசியக் குறி), கிளவுட் சாவி, என்பிஎம் டோக்கன் எல்லாவற்றையும் துழாவுகிறது. துழாவுவதற்கு ட்ரஃபிள்ஹாக் என்ற கருவியைத் தானே இறக்கிக்கொள்கிறது. நம் ரகசியங்கள் தவறி வெளியே கிடக்கின்றனவா என்று நாமே பார்ப்பதற்காகச் செய்த நல்ல கருவி அது. கிடைத்ததையெல்லாம் அந்த டெவலப்பரின் கிட்ஹப் கணக்கிலேயே பொதுவாகப் போட்டுவிடுகிறது. திருடிய நகையை வீட்டு வாசலிலேயே பரப்பி வைத்துவிட்டுப் போகிற திருடன்.

அத்தோடு முடியவில்லை. என்பிஎம் டோக்கன் கிடைத்தால், அந்த ஆளின் மற்ற பேக்கேஜ்களிலும் தன்னை நுழைத்துப் புது வெர்ஷன் வெளியிடுகிறது. அவற்றை இறக்குகிறவர்களின் டோக்கன், அவர்களுடைய பேக்கேஜ்கள், அப்படியே போகிறது. போன வாரத்துத் திருடன் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. இதற்கு ஆளே வேண்டாம்.

என் டீபக் 4.4.2-க்குப் பதிலாக இது இருந்திருந்தால்? நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் "தொள்ளாயிரம்" பேக்கேஜும் புழுவாகியிருக்கும்.

21 செப்டம்பர்

புழு 500 பேக்கேஜுக்கு மேல் தொற்றியிருக்கிறதாம்.

"என்னதான் செய்வது, அதைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்திருப்பது:

இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை அணைத்துவிட்டேன். என்பிஎம்மில் அதற்கு இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதே கடையிலிருந்து இறக்குகிற இன்னொரு கருவியான பிஎன்பிஎம், பத்தாம் வெர்ஷனிலிருந்து, நாம் சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் ஸ்கிரிப்டுகளை நாம் அனுமதித்தால்தான் ஓட்டும். ஒன்றிரண்டு பேக்கேஜ் முரண்டு பிடிக்கும். அவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதித்தேன்.

பிஎன்பிஎம் 10.16-இல் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத வெர்ஷனைத் தொடாதே என்று சொல்லலாம். 4320 என்று போட்டேன். மூன்று நாள். 8-ஆம் தேதி விஷம் இரண்டு மணி நேரம்தான் கடையில் இருந்தது. மூன்று நாள் பொறுத்தவனுக்கு அப்படி ஒன்று வந்துபோனதே தெரிந்திருக்காது.

எல்லோரும் காத்திருந்தால் பிறகு யார் பிடிப்பது என்று ஒரு வாசகர் மடக்கினார். புது வெர்ஷன் ஏறியதும் இயந்திரம் வைத்து அலசுகிற பாதுகாப்புக் கம்பெனிகள் இருக்கின்றன, நம்மை நம்பி அவர்கள் இல்லை. ஆனால் வேறு ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்இசட் 5.6.0 வெளியானது பிப்ரவரி 24. பிடிபட்டது மார்ச் 29. நடுவில் 34 நாள். அங்கே மூன்று நாள் காத்திருப்பு ஒன்றும் செய்திருக்காது.

அப்புறம் கணக்குக்கு ஃபோனில் வரும் ஆறு இலக்க எண்ணை விட்டுவிட்டு, பாஸ்கீ (ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ சேமித்த மறைச்சாவி) அல்லது யுஎஸ்பி சாவிக்கு மாறுங்கள். எண்ணை எந்தப் போலிப் பக்கத்திலும் நாம் தட்டிக் கொடுத்துவிடுவோம். சாவி முகவரியைத் தானே பார்க்கும். டாட் ஹெல்ப்பில் வாயைத் திறக்காது.

1 அக்டோபர், ஆயுத பூஜை

பில்ட் சர்வருக்குப் பொட்டு வைத்தாயிற்று. கீபோர்டில் கொண்டைக்கடலை விழுந்துவிட்டது.

பூஜைக்கென்று பரணிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்தேன். சும்மா திறந்து பார்த்தால் என்பிஎம் டோக்கன் ஒன்று. 2019-இல் போட்டது. காலாவதி இல்லை. வெளியிடும் உரிமையோடு அப்படியே உயிரோடு இருக்கிறது. போன வருஷம் இந்த லேப்டாப்பைத்தான் பழுதுபார்க்க ஒரு கடையில் பத்து நாள் விட்டிருந்தேன்.

அழித்துவிட்டேன். நீங்களும் பரணைப் பாருங்கள்.

12 அக்டோபர்

பெயர் மாறாட்டம் பற்றி இதுவரை பேசவே இல்லையே என்கிறார் ஒருவர். உண்மை.

2017-இல் கிராஸ்-என்வ் என்ற பேக்கேஜுக்குப் பக்கத்தில், நடுக்கோடு இல்லாமல் கிராஸ்என்வ் என்று ஒன்றை வைத்தார்கள். கோடு போட மறந்தவர்களின் என்விரான்மென்ட் மாறிகளெல்லாம் (கடவுச்சொல், சாவி போன்றவை அதில்தான் இருக்கும்) திருடு போயின. 2019-இல் பைதான் பக்கம் ஜெல்லிஃபிஷ்: நடுவில் சின்ன எல் எழுத்து வர வேண்டிய இடத்தில் பெரிய ஐ. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே குச்சி. ஏறக்குறைய ஒரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை; எஸ்எஸ்ஹெச் சாவிகளைத் திருடிக்கொண்டிருந்தது.

நமக்கு இது புதிதா? ஔவையார் என்று தேடிப் பாருங்கள். பாதிப் பேர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. நான் ஒரு தடவை அரை நாள் இதில் தொலைத்திருக்கிறேன். நல்ல காலம், பேக்கேஜ் பெயர்களைத் தமிழில் வைக்க என்பிஎம் விடுவதில்லை.

இப்போது புதுசாக ஒன்று. ஏஐ இல்லாத பேக்கேஜின் பெயரைச் சொல்கிறது. அதே இல்லாத பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒரு ஆராய்ச்சியாளர் அப்படி ஒரு பெயரில் வெறும் காலி பேக்கேஜைப் போட்டுவைத்தார், ஆயிரக்கணக்கில் இறங்கியது. எங்கள் ஆபீஸில் ஒரு பையன், "அண்ணா, இந்த பேக்கேஜ் கிடைக்கல, நெட் ஸ்லோவா?" என்று கேட்டான். கிடைக்காதது அவன் அதிர்ஷ்டம்.

லெஃப்ட்-பேடை இதில் சேர்த்த வாசகருக்கு: அது வேறு கதை. 2016-இல் எழுதியவர் கோபத்தில் தன் பேக்கேஜ்களைத் தூக்கிவிட்டார், 11 வரி இல்லாமல் பாதி உலகத்தின் பில்ட் நின்றது. விஷம் இல்லை. கடை மூடியதுதான்.

25 நவம்பர்

புழு மறுபடி. இந்தத் தடவை இன்ஸ்டாலுக்கு முன்னாலேயே ஓடுகிற ஸ்கிரிப்டில். இறங்கி முடிக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. திருடிய ரகசியங்களைக் கொட்டி வைத்த கிட்ஹப் களஞ்சியங்கள் 25,000-ஐத் தாண்டிவிட்டன. திருடவோ பரவவோ வழி கிடைக்காவிட்டால் ஆத்திரத்தில் ஹோம் ஃபோல்டரையே அழித்துவிடுகிறதாம்.

ஸ்கிரிப்ட் அணைத்திருந்தேன். மூன்று நாள் காத்திருப்பும் இருந்தது. லாக் ஃபைலைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கொஞ்சம் கர்வமாகவே தூங்கினேன்.

5 டிசம்பர்

கர்வம் பத்து நாள்கூட நிற்கவில்லை.

3-ஆம் தேதி, வலைப்பக்கங்களைக் கட்டும் ரியாக்ட் நூலகத்தின் சர்வர் காம்பொனென்ட்ஸ் பகுதியில் பெரிய ஓட்டை அறிவித்தார்கள். உள்நுழையாமலே, ஒரு கோரிக்கை அனுப்பி நம் சர்வரில் நினைத்ததை ஓட்டலாம். இதுவும் பத்துக்குப் பத்து. இது விஷம் வைத்ததல்ல, தெரியாமல் வந்த பிழை. சில மணி நேரத்திலேயே ஊரெல்லாம் துழாவ ஆரம்பித்துவிட்டார்கள். அன்றே சரிசெய்த வெர்ஷனும் வந்துவிட்டது, உடனே ஏற்ற வேண்டும்.

ஏற்றினேன். பில்ட் நின்றது. 19.1.2 வெளியாகி 4320 நிமிடம் ஆகவில்லையாம்.

நானே போட்ட பூட்டு. ராத்திரி பதினொன்றுக்கு, வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் உள்ளே என் பூட்டுக்குச் சாவி தேடுகிறேன். விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, பேக்கேஜ் பெயரை அதில் சேர்த்தால் போதும் என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஆவணத்தில் அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இந்த இழையில் நான் கொடுத்த யோசனைகளில் திருத்தம் வேண்டாதது பரணைப் பாருங்கள் என்பது ஒன்றுதான் போலிருக்கிறது. காத்திருப்பை எடுக்கவில்லை. விலக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமையை மட்டும் என்னோடு இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறேன், எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று.

14 டிசம்பர், ஞாயிறு

அந்த மின்னஞ்சல்காரர் என்ன ஆனார் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

செப்டம்பரிலேயே பதில் போட்டேன்: உரிமை தர மாட்டேன், பேட்ச் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்று. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன். "சரி சார்" என்று ஒரே வரி. போன வாரம் பேட்ச் வந்தது.

நிரலில் 22 வரி மாற்றம். கூடவே ஒரு சோதனை ஃபைல். ஒன்று முதல் ஆயிரம் வரை, எண்ணும் எழுத்துமாக ஆயிரம் வரி.

சோதனை ஃபைல் என்றதும் எனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குக் காலை உட்கார்ந்து ஆயிரம் வரியையும் வாய்விட்டுப் படித்தேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நான் போக, உள்ளிருந்து, "உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று குரல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு எழுத்து எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஹெக்ஸிலும் போட்டுப் பார்த்தேன். இல்லை.

பேட்ச் முழுக்கப் பெரும்பாலும் புள்ளிகள். "ஆயிரத்து தொள்ளாயிரம்" என்று நான் விட்டிருந்த இடத்திலெல்லாம் ஒற்றுப் போட்டிருக்கிறார். எக்ஸ்இசட்டில் ஒரு புள்ளி வைத்து ஒரு காவலையே எடுத்தார்கள். இந்த ஆள் புள்ளி புள்ளியாக வைத்து என் இலக்கணத்தைச் சரி செய்கிறார். அதைவிடச் சங்கடம், 300. ஆறு வருஷமாக என் நூலகம் "முன்னூறு" என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறது. முந்நூறு என்று திருத்தியிருக்கிறார். தமிழாசிரியரான என் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "அந்தப் பையன் சொல்றதுதாண்டா சரி" என்றார். எத்தனை ரசீது போயிருக்குமோ.

சேர்த்துக்கொண்டேன். நானே பில்ட் செய்து நானே வெளியிட்டேன். பழைய வகை டோக்கன்களை என்பிஎம் இந்த மாதம் ஒழித்துவிட்டதால் அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. மாற்றிய வெர்ஷனை அவரும் மூன்று நாள் கழித்துத்தான் இறக்குவாராம். "உங்கள் பேக்கேஜுக்கும் அதே விதிதான் சார்" என்கிறார்.

ஜியா டானின் முதல் பேட்ச்களும் ஒழுங்காகத்தான் இருந்தன, மறக்கவில்லை. இந்த ஆள் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. கிட்ஹப்பில் படம் இன்னும் இல்லை. இன்று சாயங்காலம் இரண்டாவது பேட்ச் வந்திருக்கிறது: எல்லா இடத்திலும் "லட்சம்" என்பதை "இலட்சம்" என்று மாற்றச் சொல்கிறார். முடியாது என்று எழுதியிருக்கிறேன். ரசீதில் இடம் போதாது.